நாலாசோபாராவில் சரிந்து கிடக்கும் ‘புருட் ராஜா கோட்டை’: அந்த மேட்டுக்குள் இருந்தது என்ன?

கோபர்கைரனே மாதிரி செக்டர் எண் போட்டு வளர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு, காலியாகக் கிடக்கும் மேடு என்றால் ஒரே அர்த்தம்தான்: இன்னும் கட்டடம் வராத இடம். ஜேசிபி வந்தால் ஒரே நாளில் சமதளம் ஆகிவிடும். ஆனால் நீங்கள் ரயில் ஏறி, இரண்டு முறை வண்டி மாறிப் போனால், மும்பைப் பெருநகரத்தின் வடக்கு ஓரத்தில் அப்படி ஒரு மேடு இருக்கிறது. அதை யாரும் சமதளம் ஆக்காமல் விட்டதால்தான் 1882-ல் அதற்குள்ளிருந்து ஐந்து அடுக்குப் பேழையும், எட்டு வெண்கலச் சிலைகளும், ஒரு வெள்ளிக் காசும் கிடைத்தன. அந்தக் காசு வகையின் ஒரு பக்கத்தில் இருக்கும் எழுத்து தமிழோடு தொடர்புடையது என்று நம்மூர் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்த இடம் நாலாசோபாரா ஸ்தூபி. எகிப்துக்குப் போய், பாதி சரிந்து நிற்கும் பிரமிடுகளைப் பார்க்க எல்லோராலும் முடியாது. அதே மாதிரியான கேள்விகளை எழுப்பும் ஒரு சிதைவு நம் லோக்கல் ரயில் தூரத்தில் இருக்கிறது. இது என்ன, ஏன் சரிந்தது, இதை ஏன் அப்படியே காப்பாற்ற வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இது என்ன மேடு?

இன்றைய நாலாசோபாராவின் பழைய பெயர் சோபாரா. பாலி நூல்களில் ‘சுப்பாரக’. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வணிகக் கையேடான பெரிப்ளஸ், மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களைச் சொல்லும்போது ‘சுப்பாரா’வைக் கல்யாணோடு சேர்த்துக் குறிப்பிடுகிறது. அதே நூல்தான் தமிழகக் கடற்கரையின் துறைமுகங்களையும் பட்டியல் போடுகிறது. இலங்கையின் மகாவம்சமும் இந்த ஊரைச் சொல்கிறது. விஜயன் இலங்கைக்குப் போகும் வழியில் சுப்பாரகத்தில் கரை இறங்கியதாக அதில் கதை வருகிறது.

மௌரியப் பேரரசர் அசோகர் தன் அரசாணைகளைப் பாறையில் வெட்டி வைத்த ஊர்களில் இதுவும் ஒன்று. எட்டாம் அரசாணையின் துண்டு 1882-ல் கிடைத்தது. ஒன்பதாம் அரசாணையின் துண்டு 1956-ல் பக்கத்திலேயே உள்ள புயிகாவ் கிராமத்தில் கிடைத்தது. அது இப்போது தென் மும்பையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவு பெரிய துறைமுக ஊரில் எழுந்த பௌத்த ஸ்தூபிதான் இந்த மேடு. ஸ்தூபி என்றால் புத்தரின் நினைவாகவோ, அவரோடு தொடர்புடைய பொருளை வைத்தோ எழுப்பும் அரைக்கோள வடிவக் கட்டுமானம். உள்ளே போய் வர அறை கிடையாது. முழுக்கச் செங்கல்லும் மண்ணும்தான். பக்தர்கள் அதைச் சுற்றி வந்து வணங்குவார்கள்.

அப்புறம் ஏன் ‘புருட் ராஜா கோட்டை’ என்று பெயர்?

மராத்தியில் இந்த மேட்டுக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘புருட் ராஜாசே கோட்’. புருட் என்பது மூங்கில் கூடை, முறம் முடையும் சமூகம். அதாவது, கூடை முடைபவர் ராஜாவின் கோட்டை. அங்கே கோட்டையும் இல்லை, அப்படி ஒரு ராஜாவும் இல்லை. பௌத்தம் அந்த ஊரைவிட்டுப் போய், அந்தச் செங்கல் குவியல் எதற்கு என்று யாருக்கும் ஞாபகம் இல்லாமல் போனபோது, பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்.

இது இங்கே மட்டும் நடந்தது இல்லை. எகிப்தில் கெய்ரோவுக்குத் தெற்கே மெய்தும் என்ற இடத்தில் ஒரு பிரமிடு இருக்கிறது. வெளிப்பகுதி முழுக்கச் சரிந்து, நடுவே கோபுரம் போன்ற பகுதி மட்டும் நிற்கிறது. அரபியில் அதை ‘பொய்ப் பிரமிடு’ என்று சொல்வார்கள். ஆந்திரத்தில் அமராவதி மகா ஸ்தூபியின் இடிபாட்டுக்கு ‘தீபால தின்னெ’, அதாவது விளக்குகளின் மேடு, என்று பெயர். நம்ம ஊர் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரண்மனை இருந்த இடத்தை ஊர்க்காரர்கள் ‘மாளிகைமேடு’ என்றுதான் சொல்லிவந்தார்கள். அங்கே தோண்டியபோது செங்கல் சுவர்கள் வந்தன. அதனால் ஒரு ஊரில் விசித்திரமான பெயரோடு ஒரு மேடு இருந்தால், சும்மா சிரித்துவிட்டுப் போகக் கூடாது. பெயர் தப்பாக இருக்கலாம். ஆனால் ‘இங்கே ஏதோ இருந்தது’ என்ற ஞாபகம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

1882-ல் உள்ளே என்ன கிடைத்தது?

அந்த ஆண்டு ஏப்ரலில் மேட்டைத் தோண்டிப் பார்த்தவர் பகவான்லால் இந்திராஜி. குஜராத்தின் ஜுனாகத்தில் 1839-ல் பிறந்தவர். ஆங்கிலேய அதிகாரிகள் தொல்லியலை நடத்திய காலத்தில், கல்வெட்டு படிப்பதில் அவர்களே மதித்துக் கேட்ட இந்திய அறிஞர். பம்பாய் மாகாண கெஜட்டியரைத் தொகுத்த ஜேம்ஸ் கேம்பலும் இந்த வேலையில் உடன் இருந்தார்.

மேட்டின் நடுவில் செங்கல்லால் கட்டிய சிறு அறை. அதற்குள் வட்ட வடிவக் கல் பெட்டி. அதைத் திறந்தால் நடுவே முட்டை வடிவச் செப்புப் பேழை. அதைச் சுற்றி எட்டு வெண்கலப் புத்தர் உருவங்கள். ஏழு பேர் பௌத்த மரபு சொல்லும் புத்தர்கள். எட்டாவது, இனி வரப்போகிறவராகச் சொல்லப்படும் மைத்ரேயர்.

செப்புப் பேழைக்குள் வெள்ளிப் பேழை. அதற்குள் கல் பேழை. அதற்குள் பளிங்குப் பேழை. அதற்குள் தங்கப் பேழை. கடைசியில், அவ்வளவு அடுக்குக்குள் பத்திரமாக இருந்தவை 13 சின்ன மண்பாண்டத் துண்டுகள்! புத்தரின் பிச்சைப் பாத்திரத்தின் துண்டுகளாக நினைத்து இவற்றை வைத்திருக்க வேண்டும் என்று இந்திராஜி முடிவு செய்தார். கூடவே தங்கப் பூக்களும் ஒரு வெள்ளிக் காசும் இருந்தன.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. காசு சாதவாகன அரசர் யக்ஞஸ்ரீ சாதகர்ணியுடையது. அவர் காலம் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. ஆனால் வெண்கலச் சிலைகளின் பாணி கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒரே பெட்டிக்குள் அறுநூறு ஆண்டு இடைவெளி உள்ள பொருள்கள் எப்படி வந்தன? ஸ்தூபியை யாரோ ஒருமுறை திறந்து, பழைய பேழையைக் கண்டு, புதுச் சிலைகளைச் சுற்றி வைத்து, மரியாதையோடு மறுபடி மூடியிருக்கிறார்கள் என்பதுதான் பொருந்தும் பதில். அதாவது, இந்த ஊரில் பௌத்தம் பல நூற்றாண்டு உயிரோடு இருந்தது, ஸ்தூபியைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள்.

இதைச் சொன்னது எந்தக் கல்வெட்டும் இல்லை. எந்தப் பொருள் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் சொன்னது. புதையல் தேடி வந்த ஒருவன் கையில் இது மாட்டியிருந்தால்? தங்கமும் வெள்ளியும் உருகியிருக்கும். சிலைகள் விலை போயிருக்கும். அந்த 13 மண்துண்டுகளை அவன் அங்கேயே தட்டிக் கொட்டிவிட்டுப் போயிருப்பான்.

அந்தக் காசில் இருப்பது தமிழா?

சாதவாகனர்கள் பொதுவாக ஈயம், செம்பு மாதிரி உலோகங்களில்தான் காசு வெளியிட்டார்கள். வெள்ளிக் காசுகள் தனி வகை. ஒரு பக்கம் அரசனின் முகம், சுற்றிலும் பிராகிருத மொழியில் பெயர். மறுபக்கம் வேறு சின்னங்கள், சுற்றிலும் கொஞ்சம் மாறுபட்ட எழுத்தில் அதே பெயர், ஆனால் வேறு மொழியில்.

ஒரு பக்கம் ‘சிரி’ என்று வரும் மரியாதைச் சொல், மறுபக்கம் ‘திரு’ அல்லது ‘ஹிரு’ என்று வருகிறது. இந்த வகைக் காசுகள் சிலவற்றில், பிராகிருதத்தில் ‘புத்த’ என்று இருக்கும் இடத்தில் மறுபக்கம் ‘மகன்’ என்ற சொல் இருக்கிறது. பெயரின் கடைசியில் வரும் ‘கு’ நமக்குத் தெரிந்த வேற்றுமை உருபு. இதை வைத்துத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி போன்றவர்கள் இது தமிழ் என்று வாதிட்டார்கள். தமிழ் என்று நேராகச் சொல்ல முடியாது, அந்தக் காலத் தக்காணத்தில் பேசிய இன்னொரு திராவிட மொழியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

எந்தப் பக்கம் நீங்கள் நின்றாலும் ஒன்று தெளிவு. இன்றைய மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியை ஆண்ட அரசர்கள், தங்கள் வெள்ளிக் காசில் ஒரு பக்கத்தைத் தெற்கத்தி மொழிக்கு ஒதுக்கினார்கள். வணிகம் நடந்த இடத்தில் இரண்டு மொழியும் புழங்கியிருக்கிறது. தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கடைப் பலகையில் இரண்டு மொழி பார்க்கும் நமக்கு இது ஒன்றும் புரியாத விஷயம் இல்லை.

பிரமிடு மாதிரி என்கிறீர்களே, இது ஏன் சரிந்தது?

ஸ்தூபியும் பிரமிடும் வேறு வேறு மதம், வேறு வேறு காலம். ஆனால் பொறியியலில் ஒரு விஷயம் பொது. இரண்டுமே கிட்டத்தட்ட உள் வெற்றிடம் இல்லாத திடக் குவியல்கள். மேலே எவ்வளவு எடை ஏற்றினாலும் அடி அகலமாக இருப்பதால் தாங்கும். உயரத்தில் பிரமிடுகளோடு போட்டி போட்டதும் ஒரு ஸ்தூபிதான். இலங்கை அனுராதபுரத்தில் மன்னர் மகாசேனன் தொடங்கிய ஜேதவனாராம ஸ்தூபி, கட்டி முடித்தபோது சுமார் 122 மீட்டர். கிசாவின் இரண்டு பெரிய பிரமிடுகளை விட்டால், பழைய உலகத்தில் அதைவிட உயரமான கட்டுமானம் இல்லை. அதுவும் கைவிடப்பட்டு, காடு மூடி, உச்சி இழந்து, இன்று ஏறக்குறைய 71 மீட்டரில் நிற்கிறது.

மெய்தும் பிரமிடு சரிந்த கதை வேறு. சுமார் 4,600 ஆண்டுகளுக்கு முன்பு அதை முதலில் படிப்படியாக உயரும் பிரமிடாகக் கட்டினார்கள். பிறகு படிகளை நிரப்பி, வழவழப்பான நேர்ப் பக்கங்கள் கொண்ட பிரமிடாக மாற்றினார்கள். சிக்கல் என்னவென்றால், உள்ளே இருந்த படிப் பிரமிடு பாறைமேல் நிற்கிறது. வெளியே சேர்த்த பகுதியின் அடித்தளம் மணல்மேல். சரிவும் ஏறக்குறைய 52 டிகிரி, நல்ல செங்குத்து. வெளிப்பகுதி உள்பகுதியோடு பிணையாமல் வழுக்கியது.

கட்டும்போதே ஒரே நாளில் இடிந்து விழுந்தது என்று 1974-ல் கர்ட் மெண்டல்சன் என்ற இயற்பியலாளர் சொன்னார். அது ரொம்பப் பிரபலமான கதை. ஆனால் பிரமிடு ஓரத்திலிருந்த சின்னக் கோயிலை 1891-ல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி இடிபாட்டை விலக்கிக் கண்டுபிடித்தார். அதன் சுவரில், பிரமிடு கட்டி ஆயிரம் ஆண்டுக்கும் பிறகு வந்துபோன எழுத்தர்கள் எழுதிவைத்த வரிகள் இருக்கின்றன. முதல் நாளிலேயே எல்லாம் இடிந்து கோயிலை மூடியிருந்தால், அவர்கள் எப்படி உள்ளே வந்திருப்பார்கள்? ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள், சரிவு பிற்காலத்தில்தான் நடந்தது, கல் எடுத்துப் போனவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்கிறார்கள்.

நாலாசோபாரா ஸ்தூபி இப்படிச் ‘சரிய’ வேண்டியதே இல்லை. ஸ்தூபி வடிவங்களில் ஒன்றுக்கு ‘நெற்குவியல்’ என்றே பெயர். களத்தில் கொட்டிய நெல் தானாக நிற்கும் சரிவில் கட்டியது சட்டென்று வழுக்கி விழாது. அதற்குப் பதில் மெதுவாகக் கரையும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கொங்கண் கரையில், மேல்பூச்சு போனால் தண்ணீர் உள்ளே இறங்கும். அரசும் ஆலும் விதை போடும். வேர் செங்கல்லைப் பிரிக்கும். வருடம் ஒருமுறை செடி பிடுங்கி, விரிசல் அடைக்க ஆள் இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. ஆள் போனதும் ஆரம்பிக்கும்.

ஆட்கள் ஏன் போனார்கள்?

துறைமுகம் போனதால். சோபாரா கடலோடு உப்பங்கழி வழியாக இணைந்த ஊர். கழியில் வண்டல் சேரச் சேர, பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் போயின. அரபு எழுத்தாளர்கள் காலம்வரை ஊரின் பெயர் அடிபடுகிறது. பிறகு பக்கத்து வசாய் மேலே வந்தது. 1534-ல் அது போர்ச்சுகீசியர் கைக்குப் போனது. வணிகர்களின் தானத்தில் வாழ்ந்த மடங்கள், வணிகர்கள் இல்லாமல் நிற்காது. இடித்தது ஒரு படை என்று கதை கட்டுவது சுலபம். இங்கே பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதே போதுமானதாக இருந்தது.

சரி, மேடுதானே... எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்?

என்ன நஷ்டம் என்பதற்கு அமராவதியைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே புது ஊர் கட்ட, ஜமீன்தார் வாசிரெட்டி வெங்கடாத்ரி நாயுடுவின் ஆட்கள் மேட்டிலிருந்து செங்கல்லும் சலவைக்கல் போன்ற வெள்ளைக் கற்களும் எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் காலின் மெக்கன்சி அதைப் பார்த்தார். அவர் 1816-ல் திரும்பி வந்தபோது, ஸ்தூபியின் நடுப்பகுதியைத் தோண்டிக் குளம் ஆக்கியிருந்தார்கள். மிஞ்சிய சிற்பங்களில் ஒரு பகுதி இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில், இன்னொரு பகுதி லண்டனில். சிற்பங்கள் அழகுதான். ஆனால் எந்தப் பலகை எந்த இடத்தில் இருந்தது என்று அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். நடுவில் என்ன இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

தோண்டுவதும் ஆபத்துதான். சாஞ்சியின் பெரிய ஸ்தூபியை 1822-ல் கேப்டன் ஜான்சன் என்ற அதிகாரி மேலிருந்து கீழே பிளந்து பார்த்தார். பெரிய உடைப்பு ஏற்பட்டது. 1912-க்குப் பிறகு ஜான் மார்ஷல் வந்துதான் அதைச் சீர் செய்தார். நாலாசோபாராவில் இந்திராஜி எங்கே என்ன இருந்தது என்று குறித்து, வரைந்து, அச்சில் வெளியிட்டார். அதனால் பேழை ஸ்தூபியை விட்டுப் போனாலும் அதன் கதை தொலையவில்லை. ஆனால் அவர் காலத்தில் மண் அடுக்குகளைப் படிக்கும் இன்றைய முறைகள் இல்லை. அவர் தொடாமல் விட்ட பகுதிகள்தான் இனி வரும் ஆய்வாளர்களுக்கான கையிருப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த இடம் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி:

• பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை.

• அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் வரை, அனுமதி பெற்றால் மட்டுமே கட்டலாம்.

• நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பழைய ஊர்களில் இந்த 100 மீட்டர் விதி அங்கே வசிப்பவர்களுக்குக் கஷ்டம் தரும் என்பதும் உண்மை. வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுக்க முடியாது என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் ஸ்தூபிமேல் திரும்பாமல் இருக்க, அந்த மேடு என்ன என்று பக்கத்தில் வசிப்பவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

கோபர்கைரனேயிலிருந்து எப்படிப் போவது?

டிரான்ஸ் ஹார்பர் லைனில் தானே. அங்கிருந்து சென்ட்ரல் லைனில் தாதர். தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறி, விரார் போகும் லோக்கலில் நாலாசோபாரா. ஸ்டேஷனின் மேற்குப் பக்கம் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். காலை நேரக் கூட்டம் பெரும்பாலும் நகரத்தை நோக்கி வரும். தாதரிலிருந்து விரார் பக்கம் நீங்கள் எதிர்த்திசையில் போவதால் அந்தப் பகுதியில் கொஞ்சம் மூச்சு விடலாம். மழைக்காலம் முடிந்த பிறகு போவது நல்லது.

பெரிதாக எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். சாஞ்சி மாதிரி தோரண வாயில் கிடையாது. மரநிழல், செங்கல் வரிசை, மேடு, அவ்வளவுதான். பௌத்தர்களுக்கு இது வழிபாட்டு இடமும்கூட. செங்கல் மேல் ஏறாதீர்கள், ஞாபகார்த்தமாக ஒரு துண்டு எடுத்து வராதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போனால், உள்ளே இருந்த ஐந்து பேழைக் கதையை மேட்டுக்கு முன்னால் நின்று சொல்லுங்கள். அந்தப் பேழையும் சிலைகளும் இப்போது அங்கே இல்லை. தென் மும்பை டவுன் ஹாலில் உள்ள ஏஷியாட்டிக் சொசைட்டி அவற்றைப் பாதுகாத்து வருகிறது.

ஊருக்குப் போகும்போது உங்கள் கிராமத்திலும் ஒரு மேடு இருக்கும். ‘அரண்மனை மேடு’, ‘கோட்டை மேடு’ என்று ஏதாவது பெயர் இருக்கும். வீடு கட்ட மண் எடுக்க அங்கே டிராக்டர் போகிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பானை ஓடோ பெரிய அளவுப் பழைய செங்கல்லோ மண்ணில் வருகிறது என்றால், எடுத்த இடத்திலேயே விட்டு, போட்டோ எடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ மாநிலத் தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். நாலாசோபாராவில் அந்த 13 மண்துண்டுகளுக்கு அர்த்தம் கிடைத்தது, அவை இருந்த இடத்திலேயே இருந்ததால்தான்.